மூன்றாம் அடுக்கில் சொர்க்கம்

ஜனவரி மாதம். மாலை ஆறரை மணி. சூரியன் அஸ்தமித்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. கிரியூகோவ் கால்வாய் உறைந்து வெள்ளைப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. பனியில் கால் வழுக்காமல் இருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஜனங்கள் தியேட்டர் சதுக்கத்தை நோக்கி நடக்கிறார்கள். பெண்கள் பலர் கையில் சின்னதாக ஒரு பை. ஏதோ தின்பண்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக் கூடும். உள்ளே இருப்பது செருப்பு. பனிக்கான கனத்த பூட்ஸை வாசலோடு விட்டுவிட்டு, நல்ல காலணி மாட்டிக்கொண்டுதான் அரங்குக்குள் நுழைவார்கள். கோயிலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி தியேட்டரில் மாற்றிக்கொள்வது வழக்கம். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மரியாதை ஒன்றுதான்.

மேல்கோட்டோடு அரங்கில் உட்காருவது அநாகரிகம். அதனால் முதல் வேலை கோட்டை ஒப்படைத்து டோக்கன் வாங்குவது. அங்கேயே சின்ன பைனாகுலரும் வாடகைக்குக் கிடைக்கும். ரஷ்ய தியேட்டர்களில் வழக்கமாகப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் தெரியும். பைனாகுலர் எடுத்தவர்கள் அதைத் திருப்பித் தரும் சாக்கில், ஆட்டம் முடிந்ததும் வரிசையில் நிற்காமலே கோட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். கண்பார்வை கூர்மையாக இருக்கிறவர்களும் பைனாகுலர் எடுப்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது மாடிப்படி. அகலமான பளிங்குப் படிகள் முதல் அடுக்கோடு தம் பெருமையை நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் ஏறினால் படி குறுகும், கம்பளம் காணாமல் போகும், மூச்சு வாங்கும். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது மூன்றாம் அடுக்கு. மலிவான டிக்கெட்டுகள் இங்கேதான். ரஷ்ய மொழியில் இப்படிப்பட்ட உச்சி மாடத்துக்கு ஒரு பழைய பட்டப்பெயர் உண்டு. ரயோக். குட்டி சொர்க்கம் என்று பொருள். கூரையில் வரைந்த தேவதைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிண்டலாக வந்த பெயராக இருக்கலாம். ஆனால் பாலே ரசிகர்களைக் கேட்டால் கிண்டல் இல்லை, உண்மை என்பார்கள்.

1860ல் திறக்கப்பட்ட அரங்கு இது. கட்டிடக் கலைஞர் ஆல்பெர்ட் காவோஸ். அதே இடத்தில் இருந்த சர்க்கஸ் தியேட்டர் 1859ல் தீப்பற்றி எரிந்துபோக, அதன்மேல் எழுந்தது. பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் மனைவி மரியா அலெக்சாந்திரோவ்னாவின் பெயரால் மாரின்ஸ்கி. புரட்சிக்குப் பின் பெயர் மாறி, 1935ல் கிரோவ் ஆகி, 1992ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. குதிரை லாட வடிவில் அடுக்கடுக்காக மாடங்கள். சுவரும் இருக்கைகளும் நீலம், மற்றதெல்லாம் பொன். நட்ட நடுவில் ஜாரின் மாடம். திரைச்சீலை 1914ல் ஓவியர் அலெக்சாந்தர் கலோவின் வடிவமைத்தது.

முதல் மணி அடிக்கிறது. பிறகு இரண்டாவது. வரிசைக்குள் நுழைகிறவர்கள் ஏற்கனவே அமர்ந்திருப்பவர்களுக்கு முகத்தைக் காட்டியபடி நகர வேண்டும், முதுகைக் காட்டக்கூடாது. இதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் இருக்கும் பாட்டியின் பார்வையே சொல்லிவிடும்.

அந்தப் பாட்டி முக்கியமானவர். மூன்றாம் அடுக்கில் எந்த நாளும் இப்படி ஒருவராவது இருப்பார். தலைமுடியை ஒழுங்காக வாரி முடிந்து, ப்ரூச் குத்திய பழைய கம்பளிச் சட்டையில், நிகழ்ச்சிநிரலை மடியில் விரித்துக்கொண்டு. யார் ஒடெட், யார் இளவரசன் என்பதோடு அவர் நிற்பதில்லை. நான்கு குட்டி அன்னங்களில் இடமிருந்து மூன்றாவது யார் என்பதுவரை பார்ப்பார். இதே பாத்திரத்தை முப்பது வருஷத்துக்கு முன் ஆடியவரோடு இன்றைக்கு ஆடுபவரை ஒப்பிட்டு உதட்டைச் சுழிப்பார். சென்னையில் மார்கழி சபாக்களில் துண்டுச் சீட்டில் ராகம் குறித்துக்கொள்ளும் மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

பாலே பைத்தியம் என்பதற்கு ஒரு தனிச் சொல்லை உண்டாக்கி உலகத்துக்குக் கொடுத்ததே ரஷ்யர்கள்தான். பலேத்தோமான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஊரில் பிறந்த சொல். 1837 முதல் 1842 வரை இத்தாலிய நட்சத்திரம் மரியா தாலியோனி இங்கே வந்து ஆடியபோது பைத்தியம் உச்சத்துக்குப் போனது. கால் விரல் நுனியில் நின்று ஆடுவதை வித்தையாக இல்லாமல் கவிதையாக மாற்றியவர் அவர். கடைசியாக ஊரைவிட்டுக் கிளம்பியபோது, அவருடைய ஆட்டக் காலணி ஒரு ஜோடியை ரசிகர்கள் விலைக்கு வாங்கி, சமைத்து, சாஸ் ஊற்றிச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை. பாலே சரித்திரப் புத்தகம் எதுவும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதையைக் கட்டிவிடக் கூடிய ஊர் என்பது நிச்சயம்.

ஜார் காலத்தில் முன்வரிசை இருக்கைகள் சந்தா முறையில், அப்பாவிடமிருந்து மகனுக்குச் சொத்துபோலக் கைமாறின. உச்சி மாடத்தில் இருந்தவர்கள் மாணவர்கள், குமாஸ்தாக்கள், தையல்காரிகள். இவர்களுடைய சொத்து தொண்டைதான். கீழே இருந்தவர்கள் வைரம் கொடுத்தார்கள். மேலே இருந்தவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு நடனக்காரிக்கு இரண்டும் தேவைப்பட்டது.

மூன்றாவது மணி. விளக்குகள் மங்குகின்றன. கீழே காலியாக இருக்கும் நல்ல இருக்கைகளை உச்சியிலிருந்து குறிவைத்திருந்த சில இளைஞர்கள் சத்தமில்லாமல் படியிறங்குகிறார்கள். பாட்டி நகரமாட்டார். காரணம் பிடிவாதம் அல்ல. கீழே இருந்தால் முகமும் பாதமும் தெரியும். மேலே இருந்தால்தான் கோலம் தெரியும்.

'அன்ன ஏரி'யின் இரண்டாவது காட்சியில் வெள்ளைப் பாவாடைகள் வரிசை வரிசையாக மேடைக்குள் வளைந்து வளைந்து வருவதைத் தரைமட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கூட்டம் தெரிகிறது. அதையே மூன்றாம் அடுக்கிலிருந்து பார்த்தால் புள்ளிகள், கோடுகள், வளைவுகள். வாசலில் கோலம் போடுகிறவளுக்கு நின்றபடி குனிந்து பார்த்தால்தானே இழை தெரியும். இந்தக் காட்சியை அமைத்த லெவ் இவானோவுக்கும், வேறு காட்சிகளை அமைத்த மரியுஸ் பெட்டிப்பாவுக்கும் மேலே இருக்கிறவர்கள்மேல் தனிக் கரிசனம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

சைக்கோவ்ஸ்கி இசையமைத்த 'அன்ன ஏரி' 1877ல் முதலில் மேடையேறியது மாஸ்கோவில். அவ்வளவாக எடுபடவில்லை. 1893ல் சைக்கோவ்ஸ்கி இறந்துபோனார். 1895 ஜனவரியில் இதே மாரின்ஸ்கியில் பெட்டிப்பாவும் இவானோவும் புதிதாக அமைத்து ஆட வைத்தபோதுதான் இன்று உலகம் அறிந்த 'அன்ன ஏரி' பிறந்தது. அன்றைய கதாநாயகி இத்தாலியைச் சேர்ந்த பியெரினா லெஞானி. கறுப்பு அன்னமாக வந்து இளவரசனை ஏமாற்றும் காட்சியில் ஒரே காலில் நின்றபடி, மற்றக் காலைச் சாட்டைபோல் சுழற்றி, 32 முறை சுற்றினார். அன்றிலிருந்து அந்த எண்ணிக்கை ஒரு கடனாகிவிட்டது. அந்தக் கட்டம் வரும்போது மாரின்ஸ்கியில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. பிறகு பதினைந்து, பதினாறு ஆனதும் கைதட்டல் தாளம் பிடிக்கும். எண்ணவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள்கூட மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். நேர்த்தியான ரசிகர்கள் இந்த எண்ணும் பழக்கத்தைச் சர்க்கஸ் என்று பழிப்பார்கள். பழித்துவிட்டு அவர்களும் தட்டுவார்கள்.

சண்டைக்கும் குறைவில்லை. 1895ன் முடிவில் காதலர்கள் ஏரியில் விழுந்து உயிர்விட்டார்கள். மாரின்ஸ்கியில் பல பத்தாண்டுகளாக ஆடப்பட்டுவருவது கான்ஸ்தந்தீன் செர்கேயெவ் 1950ல் அமைத்த வடிவம். இதில் இளவரசன் மந்திரவாதியின் இறக்கையைப் பிய்த்து எறிந்து அவனைக் கொல்கிறான், காதல் ஜெயிக்கிறது. சோவியத் காலத்தில் சோகத்துக்கு இடமில்லை. இசையோ கடைசிவரை சாவைப் பற்றியே பேசுகிறது. காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது வேறு. இது சரியா, தப்பா என்ற விவாதம் இடைவேளை பஃபேயில் மீன்முட்டை வைத்த ரொட்டியோடு பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. 1999ல் 'உறங்கும் அழகி'யை 1890ன் மூலவடிவத்துக்கு முடிந்தவரை திருப்பி, சுமார் நான்கு மணி நேர ஆட்டமாக மேடையேற்றியபோதும் ஊர் இரண்டுபட்டது. புராதனம் திரும்பிவிட்டது என்று ஒரு கட்சி. பாட்டிமார்கள் பார்த்து வளர்ந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி.

'அன்ன ஏரி'க்கு ரஷ்யாவில் இன்னொரு அர்த்தமும் உண்டு. 1991 ஆகஸ்டில் கோர்பசேவுக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, டி.வி.யைப் போட்ட மக்களுக்குச் செய்தி கிடைக்கவில்லை, அன்னங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு முன் தலைவர்கள் இறந்தபோதும் இப்படித்தான் செவ்விசையும் பாலேயும் திரையை நிரப்பின. நான்கு குட்டி அன்னங்கள் கைகோத்து வந்தால் மேலே ஏதோ நடக்கிறது என்று ஒரு தலைமுறைக்கே பழகிவிட்டது. 2022 மார்ச்சில், சுதந்திரமாக இயங்கிவந்த ஒரு டி.வி. நிறுவனம் ஒளிபரப்பை நிறுத்த நேர்ந்தபோது விடைபெறும் விதமாக அது கடைசியாகக் காட்டியதும் 'அன்ன ஏரி'தான். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பாலேயை நேசிப்பது இந்த ஊரில் சுகமான வேலையாக மட்டும் இருந்ததில்லை. நேசித்தவர்களை இழப்பதும் அதில் சேர்த்தி. 1961 ஜூனில் பாரிஸ் விமான நிலையத்தில் ருடால்ஃப் நுரேயெவ் கட்சி மாறினார். 1970ல் லண்டனில் நடாலியா மகாரோவா. 1974ல் டொரண்டோவில் மிகயில் பரீஷ்னிகோவ். மூவரும் இந்த மேடையில் ஆடியவர்கள். போனவர்களின் பெயரை உரக்கச் சொல்ல முடியாது. ரசிகர்களுக்கு மிஞ்சியது ஞாபகம் மட்டும். ஆட்டம் என்பது புத்தகம்போல அலமாரியில் இருக்கிற பொருள் அல்ல, ஆடுபவர் போனால் கூடவே போய்விடும். கோர்பசேவ் காலத்தில் கதவு திறந்தது. 1989ல் மகாரோவா வந்து ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் 51 வயது நுரேயெவ் வந்து 'லா சில்ஃபீட்' ஆடினார். பழைய பாய்ச்சல் இல்லை. காலில் காயம். உடம்பில் நோய். ஆனால் அன்று அரங்கில் இருந்தவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் எண்ணமில்லை. 28 வருஷக் கைதட்டல் பாக்கி இருந்தது. பரீஷ்னிகோவ் ரஷ்யாவுக்கு ஆட வரவேயில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் 'அன்ன ஏரி'க்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. 'லா பயாதேர்' இருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம். வினோதமான அனுபவத்துக்கு உத்தரவாதம் உண்டு. கதை நடப்பது கோல்கொண்டாவில். கதாநாயகி நிக்கியா கோயிலில் ஆடும் தாசி. காதலன் சோலார் போர்வீரன். ராஜாவின் மகள் கம்ஸாத்தி அவனை மணக்க விரும்புகிறாள். தலைமைப் பிராமணர் நிக்கியாமேல் ஆசைப்படுகிறார். பூக்கூடைக்குள் பாம்பை வைத்துக் கொடுத்து நிக்கியாவைக் கொல்கிறார்கள். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இந்தப் பக்கமே வந்திராத ஒருவரின் இந்தியா. நிச்சயதார்த்த ஊர்வலத்தில் சக்கரம் வைத்த யானை வருகிறது. பக்கிரிகள் நெருப்பைச் சுற்றிக் குதிக்கிறார்கள். உடம்பெல்லாம் தங்கப்பூச்சோடு ஒரு விக்கிரகம் உயிர்பெற்றுத் துள்ளுகிறது. தலையில் குடம் வைத்துக்கொண்டு ஒருத்தி ஆடுகிறாள். கரகம் பார்த்தவர்களுக்கு இது மட்டும் கொஞ்சம் சொந்தமாகத் தோன்றலாம். லுத்விக் மின்குஸின் இசையில் இந்தியாவைத் தேடினால் வியன்னா வால்ட்ஸ்தான் கிடைக்கும்.

சிரிப்பு வரத்தான் செய்யும். கோபமும் வரலாம். 2019 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பின பாலேரினா மிஸ்ட்டி கோப்லேண்ட், மாஸ்கோ பல்ஷோய் தியேட்டரின் 'லா பயாதேர்' ஒத்திகைக்காகச் சிறுமிகள் உடம்பில் கறுப்புச் சாயம் பூசி நின்ற படத்தை வெளியிட்டுக் கண்டித்தார். எங்கள் மரபு இது, மாற்றமாட்டோம் என்று பல்ஷோய் பதில் சொல்லிவிட்டது. மரபு என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்பது நமக்கும் தெரியாததல்ல.

ஆனால் இந்தக் கற்பனை கோல்கொண்டாவுக்குக் கீழே நிஜமான தமிழ் மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1838ல் பாண்டிச்சேரி வழியாக ஒரு குழு கப்பலேறியது. கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகள், மூன்று இசைக்காரர்கள். ஒரு பிரெஞ்சு ஒப்பந்தக்காரர் பேசி அழைத்துப்போனார். பாரிஸில் பிரெஞ்சு அரசர் லூயி ஃபிலிப் முன்னால் ஆடினார்கள். ஆகஸ்டில் தியேட்டரில் டிக்கெட் போட்டு ஆட்டம். பிறகு லண்டன். அந்த ஐவரில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்து மயங்கிப்போனவர் கவிஞரும் பாலே விமர்சகருமான தியோஃபீல் கோத்தியே. அதுவரை பாரிஸ் மேடையில் பயாதேராக ஆடியவர்கள் எல்லாம் வெள்ளைக்காரிகள். 1830ல் தாலியோனியும் ஆடியிருந்தார். பயாதேர் என்ற சொல்லே ஆடுபவள் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. முதல் முறையாக அசல் வந்து நின்றபோது பாரிஸில் பாதிப்பேர் பரவசப்பட்டார்கள், பாதிப்பேர் ஏமாந்தார்கள். கற்பனைக்குப் பழகிய கண்ணுக்கு அசல் போலியாகத் தெரிந்தது. அம்மணியின் சிறிய வெண்கலச் சிலை ஒன்றை பார் என்ற சிற்பி வடித்தார்.

கோத்தியே அவளை மறக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1858ல், காளிதாசனின் சாகுந்தலத்தை வைத்து பாரிஸ் ஆபராவுக்கு ஒரு பாலேக்கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியான் பெட்டிப்பா. அவருடைய தம்பிதான் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பிழைக்கவந்து பேரரசின் தலைமை நடன ஆசிரியராக உயர்ந்த மரியுஸ் பெட்டிப்பா. 1877ல் தம்பி 'லா பயாதேர்' அமைத்தார். கோல்கொண்டா ராஜாவுக்கு அவர் வைத்த பெயர் துக்மந்தா. துஷ்யந்தன் தேய்ந்து இப்படி ஆனான் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். திருவந்திபுரம், பாரிஸ், பீட்டர்ஸ்பர்க் என்று போன பாதையில் அடவும் போச்சு, தாளமும் போச்சு. கோயிலில் ஆடும் ஒரு பெண்ணைப் பற்றிய ஏக்கம் மட்டும் பாக்கி.

அந்த ஏக்கம் கனவுக் காட்சியில் என்ன ஆகிறது என்பதற்காகவே இந்த பாலேயைப் பார்க்க வேண்டும். நிக்கியா செத்துவிட்டாள். சோலார் புகைபிடித்து மயங்கிக் கனவு காண்கிறான். சக்கர யானை, பக்கிரி, பாம்பு எல்லாம் மறைந்துபோகின்றன. இருட்டு மேடையின் பின்மூலையில் ஒரு சரிவு. அதன் உச்சியில் வெள்ளை உடையில் ஒருத்தி தோன்றுகிறாள். ஒரு காலை பின்னால் உயர்த்தி முன்னே சாய்கிறாள். நிமிர்ந்து இரண்டு அடி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இருவரும் ஒன்றாகச் சாய்கிறார்கள். மூன்றாமவள். நான்காமவள். அதே அசைவு, அதே இசை, வேறு எதுவும் இல்லை. இப்படி 32 பேர். முதலில் இறங்கியவள் முப்பதுக்கும் மேற்பட்ட முறை அதே நிலையில் சாய்ந்து எழுந்திருப்பாள். ஒருத்தி தடுமாறினாலும் முழு வரிசையும் குலையும். தடுமாறுவதில்லை.

மேலிருந்து பார்க்கும்போது அது பனி இறங்குவதுபோல இருக்கும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அலுப்புத் தட்டும் என்பது பொதுவிதி. ஜபத்தில் தட்டுவதில்லை, இங்கேயும் தட்டுவதில்லை. இந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாத பெட்டிப்பா, இந்தியாவைக் காட்ட முயன்ற காட்சிகளில் எல்லாம் தோற்று, இந்தியாவை மறந்துவிட்ட இந்த ஒரு காட்சியில் நமக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறார். 1961ல் கிரோவ் குழு பாரிஸில் இந்தக் காட்சியை ஆடியபோதுதான் மேற்கு நாடுகள் அதன் அருமையை அறிந்தன. அன்று சோலாராக வந்தவர் நுரேயெவ். 1992 அக்டோபரில், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, பாரிஸ் ஆபராவில் அவர் மேடையேற்றிய கடைசிப் படைப்பும் இதே 'லா பயாதேர்'.

ரசிகராக உட்கார்ந்திருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல என்பதற்கு இந்த அரங்கே சாட்சி. ஒரு சலவைக்காரியின் மகள் எட்டு, ஒன்பது வயதில் அம்மாவோடு இங்கே 'உறங்கும் அழகி' பார்க்க வந்தாள். அவர்களோடு சேர்ந்து ஆட ஆசையா என்று அம்மா கேட்க, சேர்ந்து அல்ல, அந்த அழகிபோலத் தனியாக ஆட வேண்டும் என்றாளாம் மகள். அவள் அன்னா பாவ்லோவா. அதே 'உறங்கும் அழகி'யில் குட்டி மன்மதனாக வேஷம்போட்டு மேடையில் நின்ற ஒரு பாலே மாணவன், வேண்டா வெறுப்பாகப் படித்துக்கொண்டிருந்தவன், அன்றைய காட்சியின் ஜொலிப்பில் மனம் மாறினான். பின்னாளில் நியூயார்க்கின் பாலேயையே உருவாக்கிய ஜார்ஜ் பாலன்சீன் அவன்.

பாவ்லோவா நின்ற இடத்திலிருந்து ஒரு நூல் சென்னைவரை நீள்கிறது. 1928ல் அவர் பம்பாயில் ஆடியபோது கூட்டத்தில் இருந்த ரசிகைகளில் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். லண்டனில் முன்பே பாவ்லோவாவைப் பார்த்து மயங்கியிருந்தவர். அடுத்து கப்பல் பயணம் ஒன்றில் நட்பு ஏற்பட, பாவ்லோவா தன் குழுவில் இருந்த க்ளியோ நோர்டியிடம் அவரைப் பாலே கற்றுக்கொள்ள வைத்தார். கூடவே, உன் நாட்டின் பழைய ஆட்டத்தைத் தேடிப் போ என்றும் சொன்னார். ருக்மிணி தேவி தேடிப் போனார். 1935ல் அடையாறில் அரங்கேறினார். 1936ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. சதிர் பரதநாட்டியமான கதையில் யார் பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்ற வழக்கு இன்னமும் ஓயவில்லை. 1838ல் திருவந்திபுரத்துப் பெண்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோனதும், தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு பீட்டர்ஸ்பர்க் பெண் வந்து தமிழ்ப் பெண்ணுக்கு வழிகாட்டியதும் ஒரே தறியில் ஓடிய குறுக்கும் நெடுக்குமான இழைகள்.

ஆட்டக்காரர்கள் உருவாகும் இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நெவ்ஸ்கி வீதியிலிருந்து பிரிந்து, அலெக்சாந்திரின்ஸ்கி தியேட்டருக்குப் பின்னால் போக வேண்டும். கட்டிடக் கலைஞர் ரோஸியின் பெயரில் ஒரு தெரு. 220 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், கட்டிடங்களின் உயரமும் 22 மீட்டர். அளந்து வெட்டின கேக்போல இருக்கும். 1738ல் அரண்மனை ஊழியர்களின் பிள்ளைகள் 12 பையன்கள், 12 பெண்களோடு தொடங்கிய பள்ளி இன்று வகானோவா அகாதெமி என்ற பெயரில் இங்கே இருக்கிறது. கொண்டையைச் சிக்கென்று கட்டிக்கொண்டு, பாதத்தை இருபுறமும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து நடக்கும் ஒல்லிச் சிறுமிகளைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கேட்க வேண்டியதில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் ஆரம்பித்தபின் பழைய காயம் வேறு விதமாகத் திறந்துகொண்டது. லெனின்கிராடில் பிறந்து கீவில் வளர்ந்த நடன அமைப்பாளர் அலெக்சி ரத்மான்ஸ்கி, பல்ஷோயில் நடந்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டு மாஸ்கோவிலிருந்து கிளம்பினார். வகானோவாவில் படித்து பல்ஷோயில் முதல் வரிசையில் இருந்த ஓல்கா ஸ்மிர்னோவா ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டார். மாரின்ஸ்கியில் ஆடிவந்த ஆங்கிலேயர் சாந்தர் பாரிஷும் வெளியேறினார். லண்டன் ராயல் ஆபரா ஹவுஸ் அந்தக் கோடைக்கான பல்ஷோய் நிகழ்ச்சிகளை ரத்து செய்தது. வெளிநாட்டு ரசிகர்களுக்கு ரஷ்ய பாலே எட்டாமல் போயிற்று. உள்ளூர் ரசிகர்களுக்கோ, பார்த்துப் பார்த்து வளர்த்த முகங்கள் மறுபடியும் காணாமல் போயின. மூன்றாம் அடுக்குப் பாட்டிக்கு இது புதிதல்ல. அதுதான் வருத்தம்.

ஆனாலும் அரங்கு நிறைகிறது. 2013ல் கால்வாயின் மறுபக்கம் திறக்கப்பட்ட மாரின்ஸ்கி-2வும் சேர்ந்து, ஒரே இரவில் இங்கே ஒரு பாலே, அங்கே ஓர் ஆபரா என்று நடக்கும். புதிய கட்டிடத்தைப் பார்த்துவிட்டு ஷாப்பிங் மால் என்று ஊர் முணுமுணுத்தது. உள்ளே உட்கார்ந்தால் எல்லா இருக்கையிலிருந்தும் மேடை தெரிகிறது, ஒலியும் பிரமாதம். பழைய அரங்கின் பக்கவாட்டு மாடங்களில் பாதி மேடைதான் தெரியும். எட்டிப் பார்த்துக் கழுத்து வலிக்கும். ஆனால் ரசிகர்களைக் கேட்டால் கழுத்து வலிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து ரஷ்யாவின் மின்விசா வசதி வந்துவிட்டதால் போவது முன்னைவிட எளிது. 2022லிருந்து விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாமல் போனதால் கையில் ரொக்கத்தோடு போவது உத்தமம். பூங்கொத்து கொடுக்க ஆசைப்பட்டால் பூக்களை எண்ணி வாங்க வேண்டும். ஒற்றைப்படையாக இருப்பது கட்டாயம். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

பத்து மணி தாண்டிவிட்டது. மந்திரவாதி செத்தான், காதல் ஜெயித்தது, பொன் திரை விழுந்தது. ஆட்டத்தின் இன்னொரு பகுதி இனிமேல்தான். கைதட்டல் முதலில் சிதறலாக, பிறகு தாளமாக, எல்லோரும் ஒரே கையாகத் தட்டுவதுபோல எழும்புகிறது. திரையின் பிளவு வழியாக ஒடெட் வருகிறார், இளவரசன் கைப்பிடித்து. ஊழியர்கள் பூங்கொத்துகளை மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். உள்ளே போகிறார்கள். மறுபடி வருகிறார்கள். கீழ்த்தளத்தில் பாதி காலி. சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். பைனாகுலர் வாடகைக்கு எடுத்தவர்கள் கோட்டோடு வாசலைத் தாண்டியிருப்பார்கள். உச்சி மாடம் மட்டும் அசையவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆட்டக்காரியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். முழங்காலை மடித்து வணங்கும்போது அவர் தலை மேலே நிமிர்கிறது. பார்வை முன்வரிசைகளைத் தாண்டி, ஜாரின் மாடத்தைத் தாண்டி, மூன்றாம் அடுக்குக்கு வருகிறது.

சரவிளக்கை அணைக்கத் தொடங்கிய பிறகுதான் பாட்டி எழுந்திருக்கிறார். கோட்டு வரிசை நீளமாக இருக்கிறது. அவர் பைனாகுலர் எடுக்கவில்லை. அவசரமும் இல்லை. முறை வந்ததும் கோட்டை மாட்டி, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் வைத்து, பூட்ஸுக்குள் காலை நுழைக்கிறார். வெளியே பனி பெய்ய ஆரம்பித்திருக்கிறது.